விமானத்தின் சூட்டை மறைப்பது எப்படி? ஏவுகணையை ஏமாற்றும் எக்ஸாஸ்ட் டிசைன்

1986 செப்டம்பர் 25. ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத் விமானதளத்தை நோக்கி சோவியத் யூனியனின் எம்ஐ-24 ஹெலிகாப்டர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தன. தரையில் பதுங்கியிருந்த முஜாஹிதீன்களின் கையில் அமெரிக்கா கொடுத்த ஸ்டிங்கர் ஏவுகணைகள். அந்தப் போரில் ஸ்டிங்கர் முதன்முதலாகச் சுடப்பட்டது அன்றைக்குத்தான். மூன்று ஹெலிகாப்டர்கள் விழுந்தன.

எம்ஐ-24 சாதாரண ஹெலிகாப்டர் இல்லை. பறக்கும் டாங்கி என்றே சொல்வார்கள். விமானி இருக்கும் பகுதியைச் சுற்றி கவசம் உண்டு. துப்பாக்கிக் குண்டுக்கு அது அசராது. ஆனால் ஸ்டிங்கர் என்பது ஒரு ஆள் தோளில் தூக்கிவைத்துச் சுடக்கூடிய, சுமார் 15 கிலோ எடையுள்ள குழாய். அது கவசத்தைப் பார்ப்பதில்லை, ரேடாரையும் நம்புவதில்லை. அது தேடுவது ஒன்றே ஒன்றை: சூடு.

ஒரு ஹெலிகாப்டரிலோ விமானத்திலோ அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது, அதை மறைக்க எக்ஸாஸ்ட் குழாயில் என்னென்ன வேலை செய்கிறார்கள், அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள்? பார்க்கலாம்.

ஏவுகணையின் கண்ணுக்கு என்ன தெரியும்?

சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும். அடுப்பில் காயும் தோசைக்கல்லுக்கு மேலே கையை நீட்டினால், தொடாமலேயே சுடுகிறதல்லவா, அதுதான் அது. நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதற்கென்று செய்த சென்சாருக்கு நன்றாகத் தெரியும்.

பொருள் எவ்வளவு சூடோ, அதற்கேற்ப அது வீசும் கதிரின் அலைநீளம் மாறும். மனித உடம்பு அதிகமாக வீசுவது 9 மைக்ரான் அருகில். 600 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காய்ந்துகிடக்கும் எஞ்சின் உலோகம் அதிகமாக வீசுவது 3 மைக்ரான் அருகில். வெப்பம் தேடும் ஏவுகணைகளில் பெரும்பாலானவை 3 முதல் 5 மைக்ரான் வரையிலான பகுதியைக் கவனிப்பதற்குக் காரணம் இதுதான். காற்றும் அந்தப் பகுதியில் பெரும்பாலான கதிர்களைத் தடுக்காமல் விட்டுவிடுகிறது.

ஒரு ஜெட் எஞ்சினில் ஏவுகணைக்குப் பிடித்த இடங்கள் இரண்டு. முதலாவது, டர்பைன் பக்கத்துச் சூடான உலோகமும் எக்ஸாஸ்ட் குழாயின் உட்சுவரும். பின்னாலிருந்து பார்த்தால் இது எரியும் அடுப்பு வாய் மாதிரி தெரியும். இரண்டாவது, வெளியே பீறிட்டு வரும் சூடான வாயு. எரிபொருள் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு உருவாகும். சூடான கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரான் அருகே பளிச்சென்று ஒளிரும். உலோகம் ஒரு பக்கத்திலிருந்துதான் தெரியும். வாயுவோ எல்லாப் பக்கமிருந்தும் தெரியும்.

ஆரம்பகால ஏவுகணைகளுக்கு உலோகம் மட்டும்தான் தெரிந்தது. அமெரிக்காவின் சைட்விண்டர்தான் போரில் வென்ற முதல் வெப்பத் தேடல் ஏவுகணை. 1958 செப்டம்பர் 24 அன்று தைவான் விமானப்படையின் சேபர் விமானங்கள் அதைக் கொண்டு சீனாவின் மிக்-17 விமானங்களை வீழ்த்தின. ஆனால் அந்தக் காலத்து சைட்விண்டரைச் சுட எதிரியின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். காரணம், அதன் சென்சார் குளிரூட்டப்படாதது. கொதிக்கும் குழாய் வாயைத் தவிர வேறெதுவும் அதற்கு உறைக்காது. பிறகு சென்சாரைக் குளிரவைத்துக் கூர்மையாக்கினார்கள். 1982-ல் ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் ஹாரியர்கள் சுட்ட சைட்விண்டர் எல்-ரகம், முன்னாலிருந்துகூட குறிவைக்கக்கூடியது. அதோடு, ‘பின்னாடி ஆள் இல்லைன்னா பயமில்லை’ என்ற நிம்மதி விமானிகளுக்குப் போய்விட்டது.

பாதி சூடு குறைந்தால் என்ன ஆகும்?

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், மொத்த விஷயமும் இதில்தான் நிற்கிறது.

ஒரு பொருள் வீசும் மொத்த வெப்பக் கதிர், அதன் வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப மாறும். வெப்பநிலையை மைனஸ் 273 டிகிரியிலிருந்து எண்ணத் தொடங்கும் கெல்வின் அளவில் கணக்கிட வேண்டும். 627 டிகிரி செல்சியஸ் என்பது 900 கெல்வின். அதைப் பாதியாக்கினால் 450 கெல்வின், அதாவது 177 டிகிரி செல்சியஸ். வெப்பநிலை பாதியானால் கதிர்வீச்சு பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஏவுகணை பார்க்கும் 3 முதல் 5 மைக்ரான் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்னும் லாபம். அங்கே 40 மடங்குக்கும் மேல் குறையும்.

ஆனால் உடனே துள்ளிக் குதிக்க முடியாது. எதிர்ப்பக்கம் இன்னொரு கணக்கு உண்டு. சென்சாருக்கு வந்து சேரும் ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஆகவே ஒரு விமானம் 16 மடங்கு மங்கலானாலும், அதைக் கண்டுபிடிக்கும் தூரம் 16 மடங்கு சுருங்காது, 4 மடங்குதான் சுருங்கும். 4 கிலோமீட்டரில் சிக்கியிருக்க வேண்டிய ஹெலிகாப்டர், 1 கிலோமீட்டரில் சிக்கும். போதுமா? மலைக்கு அந்தப்பக்கம் மறைய விமானிக்குச் சில விநாடி கிடைத்தால் போதும் என்கிற இடத்தில், இந்த 3 கிலோமீட்டர் வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

முதல் வைத்தியம்: குழாயைத் திருப்பு

1972-ல் வியட்நாமில் சோவியத் தயாரிப்பான ஸ்ட்ரெலா-2 என்ற தோள் ஏவுகணை வந்து இறங்கியது. அதுவரை தாழப் பறப்பதுதான் பாதுகாப்பு என்று நம்பியிருந்த அமெரிக்க ஹெலிகாப்டர் விமானிகளுக்கு, அதே தாழ்வு எமனாக மாறியது. அவசரத்துக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? ஹூயி ஹெலிகாப்டரின் எக்ஸாஸ்ட் குழாயில் வளைந்த ஒரு துண்டைப் பொருத்தி, சூடான வாயுவை மேல்நோக்கி, சுழலும் இறக்கைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பார்க்க அச்சு அசலாக கக்கூஸ் கோப்பை மாதிரியே இருந்தது. சிப்பாய்கள் அதற்கு ‘டாய்லெட் பவுல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கேலி செய்தாலும் யோசனை சரியானதுதான். கீழே நிற்பவனின் ஏவுகணைக்குக் குழாயின் உட்சுவர் தெரியக் கூடாது. நேர்க்கோட்டில் பார்வை படாவிட்டால், உலோகம் எவ்வளவு கொதித்தாலும் கவலையில்லை. மேலே போகும் வாயுவை இறக்கைக் காற்று அடித்துக் கலைத்துவிடும். கூடவே, சூடான வாயு வால் பகுதியை நக்கிக்கொண்டு போய் அதையும் சூடாக்குவது தவிர்க்கப்படும்.

ஆனால் திருப்புவது மறைக்கும், குளிர்விக்காது. வளைந்த அந்தத் துண்டே சூடாகிவிட்டால்? ஏவுகணைக்கு அதுவே புது இலக்கு.

வெந்நீர் விளாவுற டெக்னிக்

குளிக்க வெந்நீர் கொதித்துவிட்டால் என்ன செய்வோம்? பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவுவோம். எக்ஸாஸ்ட் வாயுவுக்கும் அதே வைத்தியம்தான். 600 டிகிரியில் வரும் வாயுவோடு, 30 டிகிரி வெளிக்காற்றை சம அளவு கலந்தால், கலவை சுமார் 315 டிகிரி ஆகும். மூன்று பங்கு காற்று சேர்த்தால் 170 டிகிரி பக்கம் வந்துவிடும். மேலே பார்த்த பாதி வெப்பநிலைக் கணக்கு இங்கே நிறைவேறிவிடுகிறது.

கேள்வி என்னவென்றால், அவ்வளவு காற்றை உள்ளே இழுப்பது யார்? தனியாக ஒரு மின்விசிறி வைக்கலாம். ஆனால் அதற்கு எடை, அதற்கு சக்தி, அது பழுதானால் தலைவலி. பதில் உங்கள் சமையலறையில் இருக்கிறது. காஸ் அடுப்பின் அடியில் குனிந்து பாருங்கள். காஸ் வேகமாகப் பாயும் ஜெட்டுக்குப் பக்கத்தில், பர்னர் குழாயில் ஒரு திறப்பு இருக்கும். மோட்டாரும் இல்லை, விசிறியும் இல்லை. பாயும் காஸே பக்கத்திலிருக்கும் காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போகிறது. வேகமாக ஓடும் வாயு, ஓரத்தில் நிற்கும் காற்றையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும் என்பதுதான் சூத்திரம்.

அமெரிக்காவின் அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டரில் இருக்கும் ‘பிளாக் ஹோல்’ என்ற அமைப்பு இதைத்தான் செய்கிறது. எஞ்சின் வாயுவைப் பல வாய்களாகப் பிரித்து, அகலமான பெட்டிக்குள் பாய்ச்சுகிறது. பாயும் வேகமே வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. அதனால் பழுதாக வாய்ப்பும் குறைவு. அடுத்தமுறை அப்பாச்சியின் படத்தைப் பார்த்தால், எஞ்சினின் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிகளைக் கவனியுங்கள். சாதாரண வட்டக் குழாயை அங்கே தேடினாலும் கிடைக்காது.

இன்னொரு சிக்கல், ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் நின்று பறக்கும்போது வருகிறது. முன்னோக்கிப் பறந்தால் எதிர்க்காற்று வந்து குளிர்விக்க உதவும். அந்தரத்தில் நின்றால் அந்த உதவி இல்லை. ஆட்களை இறக்கும்போதும், காயம்பட்டவரைத் தூக்கும்போதும் ஹெலிகாப்டர் அப்படித்தான் நிற்கும், ஏவுகணைக்கு மிகச் சுலபமான இலக்கும் அப்போதுதான். பிளாக்ஹாக் ஹெலிகாப்டரின் சூடு குறைப்புக் கருவிக்குப் பெயரே ‘ஹோவர்’ என்றுதான் தொடங்கும். நின்ற நிலையிலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே அதை வடிவமைத்தார்கள்.

சோவியத்காரர்களும் சும்மா இருக்கவில்லை. எம்ஐ-8, எம்ஐ-24 ஹெலிகாப்டர்களின் எக்ஸாஸ்டில் வெளிக்காற்றைக் கலக்கும் பெரிய பெட்டிகளைப் பொருத்தினார்கள். கூடவே வெப்பத் தூண்டிலான ஃபிளேர்களைக் கொத்துக் கொத்தாக வீசும் கருவி, ஏவுகணையின் தலையைக் குழப்ப விட்டுவிட்டுத் துடிக்கும் ‘லீப்பா’ என்ற வெப்ப விளக்கு. மூன்றும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு.

இந்த மூன்றும் ஏன் சேர வேண்டும் என்பது பலரும் கவனிக்காத விஷயம். ஃபிளேர் என்பது வானத்தில் வீசப்படும் தீப்பந்தம். ஏவுகணை அதன் பின்னால் ஓட வேண்டுமானால், அது ஹெலிகாப்டரைவிடப் பிரகாசமாக இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் கொதித்துக்கொண்டிருந்தால் அதைத் தோற்கடிக்க எவ்வளவு பெரிய தீப்பந்தம் வேண்டும்? எக்ஸாஸ்டைக் குளிர்வித்துவிட்டால் சின்ன ஃபிளேரே போதும். ‘எக்ஸாஸ்ட் டிசைன் மட்டும் ஏவுகணையை நிறுத்திவிடுமா?’ என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. அது மற்ற தற்காப்புகளை வேலை செய்ய வைக்கிறது.

கார்கில் சொல்லிக்கொடுத்த பாடம்

1999 மே மாதத்தின் பிற்பகுதியை இந்திய விமானப்படை மறக்காது. மே 21 அன்று கார்கில் பகுதியைப் படம்பிடிக்கச் சென்ற கான்பெரா விமானத்தின் எஞ்சினை தோள் ஏவுகணை தாக்கியது. அதை ஓட்டிய ஸ்குவாட்ரன் லீடர் பெருமாளும், உடன்சென்ற ஸ்குவாட்ரன் லீடர் ஜாவும் மிச்சமிருந்த ஒற்றை எஞ்சினோடு ஸ்ரீநகர் வந்து இறங்கினார்கள். மே 27 அன்று எஞ்சின் அணைந்து வெளியேறிய சக விமானி நச்சிகேதாவைத் தேடிய ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அகுஜாவின் மிக்-21 ஏவுகணைக்கு இரையானது. மறுநாள், மே 28. தோலோலிங் பகுதியில் ராக்கெட் தாக்குதலுக்குப் போன எம்ஐ-17 ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஸ்குவாட்ரன் லீடர் புந்தீர், ஃபிளைட் லெஃப்டினன்ட் முகிலன், சார்ஜன்ட் பிரசாத், சார்ஜன்ட் சாஹு ஆகிய நான்கு பேரும் உயிரிழந்தார்கள். அந்த ஹெலிகாப்டரில் ஃபிளேர் வசதி இல்லை என்பது பின்னாளில் பரவலாகப் பேசப்பட்டது. அதன்பிறகு எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள் தாக்குதல் வேலையிலிருந்து விலக்கப்பட்டன.

மலையில் இந்த ஆபத்து ஏன் இரட்டிப்பாகிறது? தோள் ஏவுகணை சில கிலோமீட்டர் உயரம்தான் எட்டும். சமவெளியில் விமானம் அதற்கு மேலே பறந்து தப்பிக்கலாம். ஆனால் சுடுபவனே 5,000 மீட்டர் சிகரத்தில் உட்கார்ந்திருந்தால்? ஹெலிகாப்டர் அவன் கண்மட்டத்தில் பறக்கும், சிலசமயம் அவனுக்குக் கீழேகூட. அதோடு உயரத்தில் காற்று மெல்லியது, ஈரப்பதமும் குறைவு. அகச்சிவப்புக் கதிரைத் தடுக்க அங்கே ஆளே இல்லை. பின்னணியோ பனி. வெள்ளைச் சுவரில் சிவப்புப் பொட்டு மாதிரி எக்ஸாஸ்ட் தனித்துத் தெரியும்.

இதில் இன்னொரு சங்கடம். எக்ஸாஸ்ட் வழியில் எதை வைத்தாலும் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். வாயு வெளியேற எதிர்ப்பு கூடினால் எஞ்சினின் சக்தி குறையும். கருவியின் எடை வேறு. சமவெளியில் இது பெரிய இழப்பாகத் தெரியாது. ஆனால் மெல்லிய காற்றில் எஞ்சின் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் இடத்தில், சூட்டை மறைக்கக் கொடுக்கும் ஒவ்வொரு துளி சக்தியும் ஒரு ராக்கெட்டையோ, சில லிட்டர் எரிபொருளையோ, ஒரு காயம்பட்ட வீரருக்கான இடத்தையோ தின்றுவிடும். மறைவு வேண்டுமா, தூக்கும் பலம் வேண்டுமா என்ற இந்த இழுபறிக்கு ஒரே பதில் எல்லாருக்கும் பொருந்தாது.

ப்ரொப்பெல்லர் விமானங்களுக்கும் விதிவிலக்கு கிடையாது. டர்போப்ராப் எனப்படும் வகையில் ப்ரொப்பெல்லரைச் சுற்றுவது உள்ளே இருக்கும் டர்பைன்தான். அதற்கும் சூடான எக்ஸாஸ்ட் உண்டு. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரண்டே நாட்களில், யாழ்ப்பாணத்தின் பலாலி அருகே இலங்கை விமானப்படையின் இரண்டு ஆவ்ரோ போக்குவரத்து விமானங்களை விடுதலைப் புலிகள் ஏவுகணையால் வீழ்த்தினார்கள். அவற்றில் வந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. அந்த விமானம் வடிவமைக்கப்பட்ட காலத்தில், தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை என்பதே யாருடைய கவலையிலும் இல்லை.

காபி ஆத்துற மாதிரி ஒரு போர் விமானம்

ஜெட் போர் விமானங்களில் கதை வேறு. அங்கே வாயுவின் உந்துதல்தான் விமானத்தையே தள்ளுகிறது. ஹெலிகாப்டரில் செய்வதுபோல அதைப் பெட்டிக்குள் விட்டுக் கலைக்க முடியாது. அப்படியானால் குழாயின் வடிவத்தை மாற்றலாம்.

டம்ளரில் இருக்கும் காபியை டபராவில் ஊற்றினால் சீக்கிரம் ஆறுவது ஏன்? பரப்பு கூடுகிறது, காற்று அதிகம் படுகிறது. இதை எக்ஸாஸ்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். 1 மீட்டர் விட்டமுள்ள வட்டக் குழாயின் விளிம்பு சுமார் 3.1 மீட்டர். அதே பரப்பளவை 10 சென்டிமீட்டர் உயரமுள்ள தட்டையான பிளவாக மாற்றினால், அகலம் 7.8 மீட்டருக்கு மேல் போகும், விளிம்பு கிட்டத்தட்ட 16 மீட்டராகும். வெளிக்காற்று வந்து கலக்க ஐந்து மடங்கு விளிம்பு. வாயு சீக்கிரம் ஆறும், சூடான பீய்ச்சலின் நீளமும் சுருங்கும்.

1981-ல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்காவின் எஃப்-117 விமானத்தின் எக்ஸாஸ்ட் இப்படிப்பட்டதுதான். மிக அகலமான, மிகக் குறுகிய ஒரு பிளவு. பிளாட்டிபஸ் என்ற ஆஸ்திரேலிய விலங்கின் வாத்து அலகு போல இருந்ததால் அதற்கு அந்தப் பெயரே நிலைத்தது. பிளவின் கீழ் உதடு மேல்நோக்கி நீண்டிருக்கும், கீழே இருப்பவர்களுக்கு உள்ளே எதுவும் தெரியாது. அந்த உதட்டில் விண்வெளி ஓடத்தில் இருந்ததைப் போன்ற வெப்பம் தாங்கும் ஓடுகள். எஞ்சினில் ஆஃப்டர்பர்னர் கிடையாது.

கேட்க எளிதாகத் தெரிந்தாலும், தட்டைக் குழாய் பொறியாளர்களைப் படுத்தும். அழுத்தத்தைத் தாங்க இயற்கை கொடுத்த வடிவம் வட்டம். சைக்கிள் டியூப் வட்டமாக ஊதுவதற்குக் காரணமும் அதுதான். தட்டையான குழாய்க்குள் அழுத்தமான சூடான வாயுவை விட்டால், அது வட்டமாக மாறத்தான் துடிக்கும். அதைத் தட்டையாகவே பிடித்துவைக்க இடையிடையே செங்குத்துத் தடுப்புகள் வேண்டும். கனமும் கூடும், உந்துதலில் ஒரு பங்கும் போகும்.

பி-2 குண்டுவீச்சு விமானம் எக்ஸாஸ்டை இறக்கைக்கு மேலேயே கொண்டுபோய்விட்டது. வாயு இறக்கையின் மேற்பரப்பில் ஓடி, விளிம்பைத் தாண்டும் முன்பே கொஞ்சம் ஆறிவிடும். கீழிருந்து பார்ப்பவருக்கு இறக்கை திரையாக நிற்கும். ஆனால் சூட்டை மறைத்தால் அது எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தளத்தில், ஓயாத சூட்டால் விரிசல்கள் விழத் தொடங்கின. அமெரிக்க விமானப்படை அதற்குப் பல ஆண்டுகள் மருத்துவம் பார்க்க வேண்டியிருந்தது. எஃப்-22-ஓடு போட்டியிட்டு 1991-ல் தோற்ற ஒய்எஃப்-23 விமானமும் இதே வழியில்தான் போனது. அதன் எக்ஸாஸ்ட், பின்பக்க மேற்பரப்பில் ஓடுகள் பதித்த பள்ளங்கள் வழியே ஓடியது. அந்த ஓடுகளின் நுண்துளைகளிலிருந்து குளிர்காற்று கசிந்துகொண்டே இருக்கும், வியர்வை மாதிரி.

இவ்வளவு சிக்கலுக்குப் போகாமலேயே சூட்டை மறைத்த விமானமும் உண்டு. தரைப்படைக்கு உதவும் ஏ-10. அதன் இரண்டு எஞ்சின்களும் உடம்புக்கு மேலே, வாலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். கிடைமட்ட வாலும் இரட்டைச் செங்குத்து வாலும் எக்ஸாஸ்டைத் தரையிலிருந்து மறைத்துவிடும். பார்க்க அழகில்லை, ஆனால் கெட்டிக்காரத்தனம்.

எல்லாவற்றையும் தாண்டிப் போனது கமான்ச்சி என்ற அமெரிக்க ஹெலிகாப்டர். எக்ஸாஸ்ட் என்று தனியாக ஒரு வாயே அதற்கு இல்லை. வாயுவை நீளமான வால் பகுதிக்குள்ளேயே செலுத்தி, குளிர்காற்றோடு கலந்து, வாலின் ஓரத்தில் நெடுக இருக்கும் இடுக்குகள் வழியே கசியவிட்டார்கள். 1996-ல் பறந்தது, 2004-ல் திட்டமே கைவிடப்பட்டது. செலவு எகிறியதும், போர்முறை மாறியதும் காரணம்.

எக்ஸாஸ்டைக் குளிர்வித்தால் போதுமா?

போதாது. விமானி ஆஃப்டர்பர்னரைப் போட்ட மறுகணம், எக்ஸாஸ்டுக்குள் எரிபொருள் நேரடியாக எரியத் தொடங்கும். 1,500 டிகிரியைத் தாண்டும் அந்தச் சுடரை எந்த வடிவமும் மறைக்காது. மறைந்து பறக்க வேண்டுமானால் அந்தப் பித்தானைத் தொடக் கூடாது.

வேகமும் காட்டிக்கொடுக்கும். உயரத்தில் வெளிக்காற்று மைனஸ் 56 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் விமானத்தின் வேகத்தில், அதாவது ஒலியின் 0.8 மடங்கில் பறந்தால், மூக்கில் மோதும் காற்று மைனஸ் 28 டிகிரி வரைதான் சூடாகும். ஒலியின் இரு மடங்கு வேகத்தில் பறந்தால் அது 117 டிகிரி. முன்பகுதியே இஸ்திரிப் பெட்டி மாதிரி ஆகிவிடும். எக்ஸாஸ்டை எவ்வளவு மறைத்து என்ன பயன்?

ஏவுகணைகளும் புத்திசாலியாகிவிட்டன. பழையவை ஒரு ‘சூடான புள்ளி’யைத் தேடின. இன்றைய ஏஐஎம்-9எக்ஸ் போன்றவை அகச்சிவப்பில் படமே எடுக்கின்றன. இது விமானத்தின் உருவமா, ஃபிளேரின் உருண்டையா என்று பிரித்துப் பார்க்கின்றன. நம் விமானப்படையின் சுகோய்-30 எம்கேஐ, ரஃபேல் போன்றவற்றிலும், ரேடாரைப் போடாமலேயே எதிரியின் சூட்டைத் தூரத்திலிருந்து தேடும் கருவிகள் உண்டு. ஆனால் படம் எடுக்கும் சென்சாருக்கும் முதலில் ஒளி வந்து சேர வேண்டுமே. மங்கலான இலக்கைத் தூரத்தில் அதனாலும் பிடிக்க முடியாது. 4 கிலோமீட்டரா, 1 கிலோமீட்டரா என்ற பழைய கணக்கு இன்னும் செல்லும்.

இடையில் ஒரு தகவல். ஏர் இந்தியாவின் போயிங் 787 விமானத்தில் ஏறும்போது எஞ்சினின் பின்விளிம்பைப் பாருங்கள். பல் பல்லாக வெட்டியிருக்கும். அதுவும் வெளிக்காற்றையும் எக்ஸாஸ்ட் காற்றையும் நன்றாகக் கலப்பதற்குத்தான். ஆனால் நோக்கம் ஏவுகணை இல்லை, இரைச்சலைக் குறைப்பது. பயணிகள் விமானங்களில் சூட்டை மறைக்கும் ஏற்பாடு வழக்கத்தில் இல்லை. 2003 நவம்பரில் பாக்தாத்தில் டிஎச்எல் சரக்கு விமானத்தின் இடது இறக்கையை தோள் ஏவுகணை தாக்கியது. இறக்கை எரிய, கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் செயலிழக்க, இரண்டு எஞ்சின்களின் உந்துதலைக் கூட்டியும் குறைத்துமே விமானிகள் அதைத் தரையிறக்கினார்கள்.

இந்தியா எங்கே நிற்கிறது?

கார்கிலின் நேரடிப் பிள்ளை என்று ஒன்றைச் சொல்லலாமென்றால், அது எச்ஏஎல் உருவாக்கிய பிரசண்ட் இலகு ரகத் தாக்குதல் ஹெலிகாப்டர்தான். உயரமான மலைகளில் சண்டையிடக்கூடிய ஹெலிகாப்டர் நம்மிடம் இல்லை என்பதை அந்தப் போர் காட்டிக்கொடுத்தது. 2022 அக்டோபர் 3 அன்று ஜோத்பூரில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் முன்னிலையில் பிரசண்ட் விமானப்படையில் சேர்ந்தது. கண்ணுக்கு, காதுக்கு, ரேடாருக்கு எட்டும் அடையாளங்களோடு அகச்சிவப்பு அடையாளத்தையும் குறைத்த வடிவமைப்பு என்று அரசு அதை விவரித்தது. 5,000 மீட்டருக்கு மேல் இயங்கக்கூடியது என்பதுதான் அதன் முக்கியப் பெருமை. அதாவது, எஞ்சினுக்கு மூச்சு முட்டும் உயரத்தில், எக்ஸாஸ்டையும் மறைத்துக்கொண்டு, ஆயுதத்தையும் தூக்க வேண்டும்.

2025 மார்ச்சில் 156 பிரசண்ட் ஹெலிகாப்டர்களுக்கு மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. 90 தரைப்படைக்கு, 66 விமானப்படைக்கு. பெங்களூருவிலும் துமகூருவிலும் அவை தயாராக வேண்டும்.